வெயில் கறுப்பு என்று நான் சொன்ன பொய்

ஜெசி,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதில் தப்பே இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் நம்பரையே தூக்கிப் போட்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யை நான் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். பொய்யை ஊர் கேட்கச் சொல்லிவிட்டு உண்மையை மட்டும் உன் காதோடு சொன்னால் அது நியாயமில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, “இப்பவாவது வாயத் தொறந்தீங்களே” என்றாள். உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் மாற்றியிருக்கிறேன். உன் நிறத்தை இந்த முறை மாற்றவில்லை.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ கீழக்கரைக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றிக் கடலில் முங்கிப் பவளப்பாறைகளை ஆராய்கிறவள். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும், மேகம் வந்து மறைக்கும்போதும், பவளத்துக்குள் நடக்கிற ஒளிச்சேர்க்கை எப்படி மாறுகிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி. நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பாலக்கரையில் இருக்கும் நம் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய், வருடம் தவறாமல் அதே ஒளிச்சேர்க்கையைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அப்பனுக்கும் மகளுக்கும் பாடம் ஒன்றுதான். நீ அதைக் கடலுக்கடியில் தேடிப் போனாய், நான் கரும்பலகையைத் தாண்டவில்லை.

ஹைட்ரில்லாச் சோதனை உனக்கு நினைவிருக்கும். வகுப்பில் செய்து காட்டுவதற்கு முன்னால் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடக்கும். வாய்க்காலில் பிடுங்கி வந்த செடியைக் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, டேபிள் லைட்டைப் பக்கத்தில் நகர்த்துவேன். குமிழ்கள் வேகவேகமாகக் கிளம்பும். நீ நாற்காலியில் முழங்காலிட்டு நின்று எண்ணுவாய். வெளிச்சம் கூடக் கூடச் செடிக்குச் சாப்பாடு கூடும் என்று நான் பெருமையாகச் சொல்வேன். ஒருநாள் நீ கேட்டாய், “அப்பா, லைட்ட இன்னும் பக்கத்துல வச்சா?” இன்னும் நிறைய வரும் என்றேன். “அதுக்கும் மேல பக்கத்துல வச்சா?” “அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்க, போய்ப் படி” என்று விரட்டிவிட்டேன். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. செடியால் வாங்கிக்கொள்ள முடிகிற அளவுக்கு மேல் வெளிச்சம் போனால் உணவு கூடாது, செடியின் உள்வேலையே பழுதாகும். தெரிந்தும் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு மார்க் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் நீ அவ்வளவு தூரம் போனாயோ என்று இப்போது தோன்றுகிறது.

போன கிறிஸ்துமஸ் லீவில் நாம் மூன்று பேரும் காவிரி பிரிகிற முக்கொம்புக்குப் போனோம். தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. நீ சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரச்சொல்லி என்னையும் இழுத்தாய். அடியில் மணல். மணல் மேல் வெளிச்சம் வலைவலையாக ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தக் கோடெல்லாம் ஓடுது பாருங்கப்பா. அலை போகப் போக வெளிச்சத்த ஒரு எடத்துல குவிச்சுட்டுப் போகுது. ஆழமில்லாத பாறை மேலயும் இதேதான். ஒரு நொடி கண்ணு கூசும், அடுத்த நொடி மங்கிடும். அதுல உக்காந்துக்கிட்டுதான் அதுங்க சமைக்கணும்.”

“எதுங்க?” என்றாள் உன் அம்மா, கரையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே.

“பாசிம்மா. பவளம்ங்கறது ஒரு குட்டி உயிரு. அதோட உடம்புக்குள்ள பாசி குடியிருக்கு. அது வெயில வச்சுச் சமைக்கும், பவளம் அதச் சாப்பிடும். மத்தியான வெயில் தாங்கலேன்னா பாசி வேலையக் கொறச்சுக்கும். மிஞ்சுன வெளிச்சத்தச் சூடாக்கி வெளிய தள்ளிடும். சாயங்காலம் பழையபடி ஆயிடும்.”

நீ பேசப் பேச எனக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஆழத்தில் வெளிச்சம் குறைவு, அதனால் அங்கே இருக்கிற பவளம், கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ள நிறமிகளைக் கூட்டிக்கொண்டு கரும்பழுப்பாக இருக்கும் என்றாய். மேலே வெயிலில் இருக்கிறது நிறமியைக் குறைத்துக்கொண்டு சற்று வெளிறி இருக்கும். மெல்ல மெல்ல மாறினால் இரண்டும் சமாளித்துக்கொள்ளும். கோடையில் கடலும் கொதித்து வெயிலும் சேர்ந்து தாக்கும்போதுதான் ஆபத்து. இரவில் பழுது பார்த்து முடிப்பதற்குள் மறுநாள் வெயில் வந்துவிடும். அப்புறம் பவளத்தால் அந்தப் பாசியை உள்ளே வைத்திருக்க முடியாது, வெளியேற்றிவிடும். இதைச் சொல்லிவிட்டு நீ போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாய். பாறை முழுக்க வெள்ளைவெளேர் என்று இருந்தது.

“அடேங்கப்பா, பால் மாதிரி இருக்கே! எவ்வளவு அழகு!” என்றேன்.

“அது அழகில்லப்பா. பட்டினி.”

பாசி போய்விட்டதால் உள்ளே இருக்கிற எலும்பு தெரிகிறது, அந்த வெள்ளைதான் அது, இன்னும் சாகவில்லை, சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பிழைக்கலாம் என்று விளக்கினாய். உன் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். வெளுத்திருந்தால் அழகு என்று என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது பார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சுதாரிக்கவில்லை. லீவு முடிந்து நீ கடற்கரைக்குத் திரும்பியதும் ஸ்ரீரங்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். நம் பங்குக் கோயில்காரர்கள் வரன் பார்க்க வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு படம் வேண்டும். முக்கொம்பில் எடுத்த உன் படத்தைக் கொடுத்தேன். “கொஞ்சம் பிரைட் பண்ணுப்பா, இருட்டா இருக்கு” என்றேன். படம் இருட்டாக இல்லை, பட்டப்பகலில் எடுத்தது. அவன் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்றை நகர்த்தி நகர்த்தி, “போதுமா சார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நானும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டினால் உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “ஏங்க, இது யாரு வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டாள். நான் கோபித்துக்கொண்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் படத்தை அனுப்பினேன்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். நீ கறுப்பு என்பதில் உனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்போதெல்லாம் இறக்கை கட்டிய சம்மனசு வேஷம் உனக்கு வராது, மூன்று ராஜாக்களில் ஒருவர் வேஷம்தான் வரும். எந்த ராஜா என்று எல்லாருக்கும் தெரியும், அந்தக் கறுப்பு ராஜா. நீ தாடியை ஒட்டிக்கொண்டு, கிரீடத்தை வைத்துக்கொண்டு, ஏதோ ஊரையே விலைக்கு வாங்கியதுபோலத் தூபப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவாய். கோயிலே கைதட்டும். நான் மட்டும் தூணோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். சம்மனசு வேஷம் தராததற்குக் கோபம் என்று நினைத்திருந்தேன். அது கோபம் இல்லை, வெட்கம். என் நிறத்தை நீ எல்லார் முன்னாலும் போட்டுக்கொண்டு நடக்கிறாயே என்ற வெட்கம். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து நீ சிரிப்பாயே, உன் அம்மா பக்கத்தில் என் சட்டையும் பல்லும் மட்டும்தான் தெரிகிறது என்று. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த ஆல்பத்தை அலமாரியின் கீழ்த்தட்டில் துணிகளுக்கு அடியில் வைத்தது நான்தான். வகுப்புக்குப் போகுமுன் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு போனவன் நான். மெலனின் என்றால் என்ன, அது வெயிலிலிருந்து தோலை எப்படிக் காக்கிறது என்று அந்தப் பவுடர் முகத்தோடு நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். நினைத்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்து மாப்பிள்ளை அருள் வீட்டில் கேட்டார்கள், நீயும் அவரும் போனில் பேசிக்கொண்டீர்கள், பிறகு மணப்பாறையிலிருந்து எல்லாரும் பெண் பார்க்க வந்தார்கள். நீ கடற்கரையிலிருந்து பஸ் பிடித்து நேராக வந்து, குளித்து, புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தாய். அருளின் அத்தை உன்னையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “போட்டோல வேற மாதிரி தெரிஞ்சுச்சே” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அது வெயில் கறுப்புங்க. கடல்லயே கெடக்கறா இல்ல, அதான். பொறந்த கலர் இது இல்லீங்க. கல்யாணம் வரைக்கும் வீட்ல இருந்தான்னா பழையபடி ஆயிடுவா. கடலுக்கெல்லாம் இனி அனுப்பப் போறதில்ல.”

அருளின் அம்மா சட்டென்று, “காபி ஆறுது, எல்லாரும் எடுத்துக்குங்க” என்றார். பேச்சு மாறிவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். தட்டு கையில் அப்படியே இருந்தது. நீ ஒன்றும் சொல்லவில்லை, நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.  அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பியதும், என் பொய் வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு பொய்யைச் சொன்னால் அதைக் கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. கோடை தொடங்கியது. அது உனக்கு முக்கியமான கோடை என்று எனக்குத் தெரியும். அடையாளம் போட்டு வைத்த பவளங்களை நீ குளிர்காலத்திலிருந்து அளந்துகொண்டிருந்தாய். வெளிச்சத்தை ஒரு சிமிட்டுச் சிமிட்டி, பாசி எவ்வளவை வேலைக்கு எடுத்துக்கொள்கிறது, எவ்வளவைத் தள்ளிவிடுகிறது என்று காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு காலை, உச்சி, மாலை என்று முங்குவாய். கடல் சூடேறும் வாரங்களில் அதே பவளங்களை அளந்தால்தான் முன்னால் அளந்ததற்கு அர்த்தம் என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். எல்லாம் தெரிந்துதான் உன் பேராசிரியைக்குப் போன் செய்தேன். “மேடம், ஜெசிக்குச் சின்ன வயசுலேருந்து காதுல பிரச்சனை. செவிப்பறையில ஓட்டை இருக்கு. மறைக்கிறா. முங்க விடாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, பாவம், மனசு ஒடஞ்சுடுவா” என்றேன். முங்குகிறவர்களுக்குக் காதுதான் எல்லாம் என்பது உயிரியல் வாத்தியாருக்குத் தெரியாதா? சரியான இடத்தைப் பார்த்துத்தான் அடித்தேன். பேசும்போது என் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. செய்கிற காரியம் என்ன என்று உள்ளே யாருக்கோ தெரிந்திருக்கிறது. அந்த அம்மா அதைப் பிள்ளைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

நான் போன் செய்ததைச் சொல்ல மாட்டேன் என்று அவர் எனக்குக் கொடுத்த வாக்கை அப்போது காப்பாற்றினார். கல்யாணம் முடியட்டும், அதுவரை வீட்டில் இரு என்று மட்டும் உன்னிடம் சொன்னார். அன்றைக்கு நீ எனக்குத்தான் போன் செய்து அழுதாய். “கல்யாணம்னு சொன்னதுமே மேடம் என்ன ஒதுக்கிட்டாங்கப்பா. கல்யாணம் ஆனா வேலை செய்ய மாட்டேன்னு நெனைக்கிறாங்க.” நான் உனக்கு ஆறுதல் சொன்னேன், ஜெசி. “விடும்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றேன். உனக்காக நின்ற ஒரு பெண்ணை நீ திட்டிக்கொண்டிருந்தாய், நான் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேன். படத்தை வெளுக்க வைத்ததற்கும், கூடத்தில் பொய் சொன்னதற்கும் ஏதாவது சாக்குச் சொல்லலாம். இந்த 'உம்'முக்கு ஒரு சாக்கும் இல்லை.

பிறகு நீ வீட்டுக்கு வந்தாய். கோடை முழுக்க ஜன்னல் திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தாய். உன் அம்மா என் நச்சரிப்புத் தாங்காமல் கஸ்தூரி மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து வைப்பாள், நீ அதைத் தொடாமல் திருப்பிக் கொடுப்பாய். மத்தியானம் ஆனால் பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்ப்பாய், பிறகு போனில் கீழக்கரையின் வானத்தைப் பார்ப்பாய். நான் ஒருநாள் என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். “மேகம்ப்பா. அங்க மேகம் வந்தா அதுங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடைக்கும். அளக்கத்தான் முடியல, பொழச்சாவது கெடக்கட்டும்.” பாலக்கரையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எங்கோ கடலில் இருக்கிற ஒன்றுக்காக நீ மேகம் கேட்டுக்கொண்டிருந்தாய். உன்னை அங்கே போகவிடாமல் செய்தவன் பக்கத்தில் நின்று, “ஆமா, இந்த வருஷம் வெயில் ஜாஸ்திதான்” என்றான்.

கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை உனக்கு முதல் தடவை வாசித்த ஞாயிற்றுக்கிழமை உனக்கும் நினைவிருக்கும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்லவும் என்று வாசித்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. மறுநாள் காலையில் நாம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் பேராசிரியையின் போன் வந்தது. கையில் சட்னி என்று நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

“ஜெசி, காது எப்படிம்மா இருக்கு? டாக்டர் என்ன சொன்னாரு? கல்யாணத்துக்கப்பறம் ஒரு சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிக் குடுத்துடு, மறுபடி எறங்கலாம். அப்பா அன்னிக்கு ரொம்பப் பயந்து போய்ப் பேசினாரு. உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு, எனக்குத்தான் மனசு கேக்கல.”

என் முகத்தில் ஈயாடவில்லை. நீ அவருக்கு ஏதோ பதில் சொல்லி வைத்தாய். மிச்ச இட்லியைச் சாப்பிட்டாய். தட்டைக் கழுவி வைத்தாய். உள்ளே போய்ப் பையோடு வெளியே வந்தாய். வாசலில் நின்று என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய்.

“காது நல்லாத்தான் கேக்குதுப்பா.”

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. நான் உன் பேராசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “சார், நீங்க ஒரு வாத்தியார்” என்றார் அவர். திட்டியிருந்தால் தேவலை. நீ சர்டிஃபிகேட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டாய், படகிலும் ஏறிவிட்டாய் என்றார். ஆனால் அந்த வாரங்களில் முங்க ஆள் சரியாகக் கிடைக்கவில்லையாம். அடையாளம் போட்டதில் பாதி வெளுத்துவிட்டது. எந்த வெயிலில், எப்படித் தொடங்கியது என்று பார்க்கத்தான் நீ காத்திருந்தாய், அதை யாரும் பார்க்கவில்லை. அடுத்த கோடையில் பார்க்கலாம் இல்லையா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். “அடுத்த வருஷமும் வெளுக்கணும்னு நாங்க வேண்டிக்கணுமா சார்?” என்றார். 

கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பட்டதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ நேசிக்கிற யாருக்காவது, அவர்களைக் கேட்காமலே, அவர்களுக்குத் தெரியாமலே நல்லது செய்துவிட வேண்டும் என்று எப்போதாவது உன் கை போனை எடுத்தால், அதைக் கீழே வைத்துவிட்டு அவர்களையே போய்க் கேள். அந்த நல்லது பெரும்பாலும் உன் பயத்துக்குத்தான் நல்லதாக இருக்கும். அருளிடமும் அப்படியே இரு. நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களிடமும்.

போன வாரம் மணப்பாறைக்குப் போனேன். உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அடுத்த ஓலை வாசிப்பதற்குள் அந்த வீட்டில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதன் பிறகு அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பழி என் தலையோடு போகட்டும் என்று இருந்தது. அருள் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொன்னேன். “போட்டோவ வெளுக்க வச்சது நான்தாங்க. அவளுக்குத் தெரியாது. வெயில் கறுப்புன்னு சொன்னதும் பொய். அது அவ பொறந்த நிறம், எங்கிட்டேருந்து வந்தது. கடல் வேலையை விடுவான்னு சொன்னதுக்கும் அவளக் கேக்கல. அவ விட மாட்டா.”  அருளின் அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அருளின் அம்மா முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, “இதுக்காகவா இந்த வெயில்ல வந்தீங்க? மொதல்ல உக்காருங்க” என்றார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. யார் முகத்திலும் இல்லை. அது எனக்கு விளங்கவில்லை.

அருள்தான் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். வண்டியை நிறுத்திவிட்டுப் போகாமல் நின்றார்.

“மாமா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. எங்களுக்கு முன்னாடியே தெரியும். மொதத் தடவ போன்ல பேசறப்பவே ஜெசி படகுல எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்பிட்டா. 'இதுதான் நான், கடல விட மாட்டேன், அந்தப் படம் எங்கப்பா பண்ணினது, சரின்னா மேல பேசலாம்'னு சொன்னா. எனக்குச் சரி, அம்மாவுக்கும் சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்கிட்டா. 'நீங்க வீட்டுக்கு வர்றப்ப அந்தப் படத்தப் பத்தி யாரும் அப்பாகிட்ட கேட்டுடாதீங்க. அவரு தாங்க மாட்டாரு'ன்னா. எல்லார்கிட்டயும் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். அத்தைதான் மறந்துட்டாங்க.”

பஸ் வந்தது, ஏறினேன், உட்கார்ந்தேன், டிக்கெட் வாங்கினேனா என்றுகூட நினைவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் பொய் சொல்கிறேன் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நீ கேட்டுக்கொண்டதற்காக அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு, ஆறின காபியைக் குடித்துக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். விஷயம் தெரியாத ஒரே ஆள் நான்தான். நீ தட்டோடு நின்று என்னைப் பார்த்ததைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். நீ பயந்தது எனக்காக.

ஜெசி, நீ கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் பேசிய முதல் பேச்சிலேயே என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். நான் என் முறை வந்தபோது உன் கோடையை எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பித் தர என்னால் ஆகாது. மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அது எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. ஒன்றுதான் வேண்டும். இனிமேல் என்னைக் காப்பாற்றாதே. போனை எடு, அன்றைக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் சொல்லு. நான் தாங்குவேன்.

உன் நிறத்து
அப்பா